எண்பத்தெட்டாம் குழி

கிளாராவுக்கு நாற்பத்துநான்கு வயது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிடிபி கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை. வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. கணவன் இல்லை. வேறு வேலை தெரியாது.

கல்லறைப் பட்டியல் அவளுடைய பங்குக் கோயில் கொடுத்த வேலை. அங்கே நிரந்தரக் கல்லறை இல்லாதவர்களின் குழியைப் பத்தாண்டு கழித்துத் திறப்பார்கள். எலும்புகளை ஒதுக்கிவிட்டு அடுத்தவரைப் புதைப்பார்கள். சிலுவைகளில் வெள்ளை பெயிண்டில் 'கு-1', 'கு-2' என்று எண் உண்டு. பட்டியலிலும் அப்படியே வரவேண்டும் என்றார் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பாஸ்கல். கிளாரா எண்களை ஒவ்வொன்றாக அடிக்கவில்லை. பெயருக்கு முன்னால் 'கு-' என்பதும் எண்ணும் தானாகவே விழும்படி அமைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

ஆகஸ்டில் ஒரு குடும்பம் தங்கள் அப்பாவை நிரந்தரக் கல்லறைக்கு மாற்றியது. அறுபத்தோராம் எண். கிளாரா அந்த வரியை அழித்துவிட்டு உபதேசியாருக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தாள். கீழே இருந்த எண்கள் எல்லாம் ஒன்று குறைந்திருந்தன. அவள் கவனிக்கவில்லை. சிலுவைகளில் எண்கள் அப்படியே இருந்தன.

அக்டோபரில் ஒரு சாவு. உபதேசியார் அந்தத் தாளில் பத்தாண்டு முடிந்த ஒரு கிழவரின் பெயருக்கு அடியில் கோடு போட்டு, குழிவெட்டும் சூசைமாணிக்கத்திடம் கொடுத்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தாளில் கிழவருக்கு எண்பத்தெட்டு. அந்த எண் இருந்த சிலுவையின் கீழ் தோண்டினார். அதில் இருந்தது மரியசெல்வி என்பவளின் மகள். பதினொரு வயது. புதைத்துப் பதினான்கு மாதம். கிழவர் பக்கத்துக் குழியில் இருந்தார்.

"காலையிலயே ஊத்திட்டு வந்தா நம்பரு எங்கிட்டுய்யா தெரியும்? தாளு எங்க?" என்றார் உபதேசியார்.

"மழைச் சேத்துல போயிருச்சு சாமி."

உபதேசியார் கிளாராவிடம் இன்னொரு படி கேட்டார். ஃபைலைத் திறந்ததும் அவளுக்குப் புரிந்தது. மரியசெல்வி அவள் தெருக்காரி. பங்கு வேலை போனால் கடைக்காரர் அவளை வைத்திருக்கமாட்டார். புது ஃபைல் ஒன்றில் தானாக விழும் எண்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கையால் அடித்தாள். அறுபத்தொன்றுக்கு எதிரே 'மாற்றப்பட்டது' என்று போட்டாள். கிழவருக்கு எண்பத்தொன்பது வந்தது. அதை வைத்துச் சூசைமாணிக்கத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நான்கு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார்.

"தாயி, மொத அடிச்ச தாளு கம்ப்யூட்டர்லயே கெடக்குமாமுல்ல. ஒண்ணு எடுத்துக் குடு. ரெண்டு எட்டுதான் போட்டிருந்துச்சு."

பழைய ஃபைல் திரையிலேயே இருந்தது.

"புதுசு போட்டா பழசு போயிரும்ண்ணே."

சூசைமாணிக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப ஒம்பதாத்தான் இருந்திருக்கும். கண்ணு எட்டாக் காமிச்சிருக்கு. அந்தப் புள்ள மொகத்த..." நிறுத்தினார். "கண்ணு முகாம் எங்கிட்டும் போடுறாங்களா தாயி?"

கடையில் கண் முகாம் நோட்டீஸ் ஒரு கட்டு இருந்தது. கிளாரா ஒன்றை உருவி, தேதியையும் இடத்தையும் அவருக்கு வாசித்துச் சொன்னாள்.