மூன்றாவது அழைப்பு

அந்த அழைப்பு எனக்கு வந்தது. பெயரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கைபேசியின் தொடர்பை அறுத்தேன்.

ரோமிங்கை நிறுத்தி வைத்திருந்ததால் எதுவும் வந்து சேரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். நாங்கள் குடியேறி வாழும் இந்தப் பீல் நகரில் என்னைத் தெரிந்த கிட்டத்தட்ட எல்லோரும் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்கள். மருத்துவரிடமும் அதையே சொன்னேன். கட்டிலில் கிடந்த என் கணவரின் காதருகே குனிந்து அவரிடமும் அதையே சொன்னேன். பொய்... உங்களிடம்தான் முதன்முறையாக உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது.

என் கணவருக்கு முதல்முறை பாரிசவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்தன. வாய் விழவில்லை. கடிகாரக் கூடுகளை மெருகேற்றும் பட்டறையில், இயந்திர இரைச்சலுக்குள் பல வருடங்கள் பேசாமலே நின்ற மனிதர் அவர். வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் அந்த வருடங்களின் பேச்செல்லாம் வெளியே வந்தது. செய்தியில் கேட்டது, சன்னலில் கண்டது, பேருந்து பிந்தியது, முன்னைய மேலாளரின் கஞ்சத்தனம்... ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "வதனா, கேட்டனீரே?" என்பார். நான் 'ம்' சொல்லும்வரை விடமாட்டார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அவருக்குப் பேச வேறு யாரும் இல்லை. அவ்வளவுதான்.

எனக்கோ, காலையில் தொழிற்சாலையில் கடிகார முட்களைப் பொருத்தும் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு அவர். குளிக்க வார்ப்பது, உடை மாற்றுவது, மாத்திரை, சமையல், பிறகு அந்தப் பேச்சு. கழிப்பறைக்குள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததும் உண்டு. ஒருவரும் எதுவும் கேட்காத இரண்டு நாட்கள் எனக்கு வேண்டியிருந்தன. அது பாவமா? அப்போது அப்படித் தோன்றவில்லை. இப்போதும், அந்த ஆசை மட்டும் பாவமென்று எனக்குத் தோன்றவில்லை.

ராஜி தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை. கலா முன்பு எங்களோடு வேலை செய்துவிட்டு இப்போது ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறாள். லுக்சம்பேர்க் போகலாம் என்ற எண்ணம் ராஜியுடையது. அந்தச் சின்ன நாட்டில் பேருந்துக்கும் ட்ராமுக்கும் காசில்லை என்று எங்கோ வாசித்திருந்தாள். பாசலிலிருந்து மலிவான பேருந்து, இளைஞர் விடுதியில் மூன்று கட்டில் அறை, சாப்பாடு வீட்டிலிருந்து. சனி போய் ஞாயிறு திரும்புவது. செலவைச் சொல்லி மறுக்க முடியாதபடி எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தாள்.

அவரிடம் கேட்கத் தயங்கினேன். அவர்தான் சொன்னார்: "போட்டு வாரும் வதனா. எத்தினை நாளைக்குத்தான் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருப்பீர்?"

அவரைப் பார்த்துக்கொள்ள தர்சினி வந்தாள். என் கணவருடைய தம்பி ஜெகனின் மனைவி. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டொச், அதாவது ஜெர்மன் மொழி வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கடையில் நன்றி சொல்வதற்குள் முகம் சிவந்துவிடும். என் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கவே இரண்டு தரம் யோசிப்பாள்.

அவளுக்கு மாத்திரைப் பெட்டியைக் காட்டினேன். சாப்பாட்டைக் காட்டினேன். அம்புலன்ஸ் எண்ணைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று நான் சொன்னது இது:

"ஏதும் எண்டால் முதல் எனக்குப் போன் அடி. வேறை ஆருக்கும் அடிக்காதை, அவங்கள் கதைக்கிறது உனக்கு விளங்காது. நான் அங்கை இருந்து எல்லாருக்கும் கதைக்கிறன்."

"நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ அக்கா" என்றாள்.

பேருந்து பிரான்சுக்குள் நுழைந்ததும், எல்லோரும் ரோமிங்கை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பயணச் செலவைவிட ரெலிபோன் பில் கூடிவிடும் என்றாள் ராஜி. சிரித்துக்கொண்டே நிறுத்தினோம். இணையம்தான் நின்றது. சாதாரண அழைப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்! ஏனென்றால் போய்ச் சேருவதற்குள்ளேயே தர்சினியின் கைபேசியிலிருந்து அவர் பேசத் தொடங்கிவிட்டார். தொலைக்காட்சியின் ரிமோட் எங்கே என்று கேட்டார். பிறகு, பீலில் மழை தூறுகிறது, அங்கே எப்படி என்று கேட்டார். இரண்டு முறையும், அரைத் தூக்கத்தில் இருந்த ராஜிக்கும் கலாவுக்கும் தெரியாமல் எழுந்து, பேருந்தின் பின்பக்கம் போய் நின்று பதில் சொன்னேன். இரண்டாவது முறை குரலில் எரிச்சலைக் காட்டினேன். அவர் என்னோடு கடைசியாகப் பேசியது மழையைப் பற்றி. நான் அவருக்குக் கடைசியாகச் சொன்னது, "சும்மா சும்மா அடியாதையுங்கோ."

லுக்சம்பேர்க் நகரத்தின் நடுவே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. மேலே கோட்டைச் சுவர், கீழே சின்ன ஆறு. கண்ணாடி லிஃப்ட் ஒன்று கீழே கொண்டுபோய் விடுகிறது. அதுவும் இலவசம் என்று ராஜி எங்களை இரண்டு தரம் ஏற்றி இறக்கினாள். ஆற்றங்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட்டோம். அங்கே மழை இல்லை, நல்ல வெயில். வேலையிடத்துக் கதை ஒன்றை ராஜி நடித்துக் காட்ட, நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை காலம்...

அப்போது கைபேசி அதிர்ந்தது. தர்சினி.

மறுபடியும் அவர்தான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். அடித்து ஓய்ந்தது.

இரண்டாவது முறை அடித்தது. யாரென்று கலா கேட்டாள். விளம்பரக்காரர்கள் என்றேன். அதுவும் ஓய்ந்தது.

இதுவரைக்கும் என்னை நீங்கள் மன்னிக்கலாம். நானேகூட மன்னித்துவிடுவேன்.

மூன்றாவது முறை அடித்தபோது எனக்குத் தெரிந்தது. எப்படியென்று கேட்கிறீர்களா? என் கணவர் இரண்டு முறைக்கு மேல் முயல மாட்டார். நான் எடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இத்தனை வருட வாழ்க்கையில் அது எனக்கு மனப்பாடம். ஆகவே மூன்றாவது அழைப்பு அவருடையது அல்ல. அது தர்சினி தானாக எடுத்தது. உப்புக் கேட்கவே கூசுகிறவள் மூன்றாம் தரம் அடிக்கிறாள் என்றால்...

விரல் பச்சைப் பொத்தான் பக்கம் போகவில்லை. விமானப் பயன்முறையை அழுத்தினேன். திரை அமைதியானது.

ஏன்? இந்தக் கேள்வியை எத்தனை விதமாகவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். களைப்பு என்று சொல்லிப் பார்த்தேன், குழப்பம் என்று சொல்லிப் பார்த்தேன். இல்லை. தெரிந்துகொண்டால் அந்த வாங்கிலிருந்து நான் எழுந்தாக வேண்டும். தெரியாதவரை பொழுதுபடும்வரை உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கணத்தில் நான் என் கணவரையும் அந்த வெயிலையும் எடைபோட்டேன். வெயிலை எடுத்துக்கொண்டேன்!

ராஜி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். நான் சிரித்தேனா? சிரித்தேன்.

சாயங்காலம் விடுதிக்கு வந்து வைஃபை பிடித்ததும் ராஜியின் கைபேசிக்கு அவளது கணவரிடமிருந்து செய்தி வந்தது. அவரிடம் ஜெகன் சொல்லியிருந்தான். என் கணவருக்கு மறுபடி பாரிசவாதம், பேர்னில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ராஜி என் தோளைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஒருவரும் அடிக்கவில்லையா என்று கேட்டாள்.

"ரோமிங்கை நிப்பாட்டி வைச்சிருந்தனான். ஒண்டும் வரேல்லை."

அவ்வளவு இலகுவாக வந்தது. கலா என்னைப் பார்த்தாள். பிறகு தன் பையை அடுக்கத் தொடங்கினாள். அன்றைக்குப் பிறகு கலா என் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். இப்போது வருவதே இல்லை. நான் காரணம் கேட்டதில்லை.

மறுநாள் முதல் ரயிலில் திரும்பினேன். நடந்ததை ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் வைத்து அறிந்தேன். அவருடைய வாய் கோணிப் பேச்சுக் குழறியதும் தர்சினி எனக்கு அடித்திருக்கிறாள். மூன்றாவது அழைப்பும் அறுந்தபின், நான் பார்த்துவிட்டுத் திருப்பி எடுப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போனேன்? பிறகு ஜெகனுக்கு அடித்திருக்கிறாள். அவன் ஓர் உணவகச் சமையலறையில் நின்றான், கைபேசி உடைமாற்றும் அறையில். கீழ்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள், ஆள் இல்லை. கடைசியில் மழைக்குள் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி, நாயோடு போன ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். அந்தப் பெண்தான் அம்புலன்சை அழைத்தாள். அதற்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது.

மருத்துவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது, முந்தி வந்திருந்தால் ஒருவேளை... என்று தோளைக் குலுக்கினார்.

ஜெகன் சுவரோடு நின்ற தர்சினியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "மூண்டே மூண்டு நம்பர். அம்புலன்சுக்கு நூற்றி நாப்பத்திநாலு. அதை அடிக்கத் தெரியாதே உனக்கு?"

"அக்கா தனக்குத்தான் முதல் அடிக்கச் சொன்னவா..." என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுது வீங்கிய முகம். "ரிங் போனது அக்கா. முதல் ரெண்டு தரமும் கடைசி மட்டும் போனது. மூண்டாந்தரம் பாதியிலை நிண்டிட்டுது."

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. நடந்ததை விளங்கிக்கொள்ள முயன்றாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"பஸ்ஸிலை கதைச்ச பிறகுதான் ரோமிங்கை நிப்பாட்டினனான். நிப்பாட்டினால் அப்பிடித்தான் தர்சினி. உனக்கு ரிங் போற மாதிரிக் கேக்கும். எங்களுக்கு ஒண்டும் வராது."

ஜெகன் தலையாட்டினான். இந்த நாட்டில் எத்தனையோ வருடம் இருப்பவன், அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. "வெளிநாட்டிலை நிக்கிற ஆளுக்கு அடிச்சு என்ன பிரயோசனம்?" என்று மறுபடியும் அவள்மீதே பாய்ந்தான். தர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கண்ணாடிக்கு அப்பால் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் உயிரோடு இருக்கிறார். பேச்சு வரவில்லை. மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தார்கள். 'ஆ' என்ற ஓர் ஒலி மட்டும் வருகிறது. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். நான் அமைதியைக் கேட்டேன் அல்லவா? வீடு முழுக்க இருக்கிறது. வேலையால் வந்து கதவைத் திறந்ததும் அது என் முகத்தில் அடிக்கிறது. இப்போது நான்தான் பேசுகிறேன்... பேருந்து பிந்தியதை, ராஜியின் கதையை, மழையை. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தர்சினி எனக்கு அடித்தபோது அவருக்கு நினைவு இருந்ததா, அந்த ரிங் சத்தத்தை அவரும் கேட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்டறிய வழியும் இல்லை.

சொந்தங்களுக்குள் கதை வேறு விதமாக நிலைத்துவிட்டது. ஊரிலிருந்து வந்த பெட்டை, ஒன்றும் தெரியாமல் மனிதரைக் கவிழ்த்துவிட்டாள் என்று திருமண வீடுகளில் அவள் காதுபடவே பேசினார்கள். ஜெகன் எந்தச் சண்டையையும் அதில் கொண்டுபோய் முடிப்பான். நானும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். "பாவம், விடுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நல்ல மனுசி என்று என்னைத்தான் மெச்சினார்கள்.

தர்சினி வெறிபிடித்தவள் போல டொச் படித்தாள். பராமரிப்புப் பயிற்சி முடித்து இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டி, கை கால்களை நீவிவிட்டு, சவரமும் செய்துவிடுகிறாள். அந்த நேரத்தில் நான் ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். ஆம்... அந்த ஓய்வு எனக்குத் தேவையாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவள் வரமாட்டாளே என்றுகூட நான் யோசித்திருக்கிறேன். இதற்குமேல் என்னைப் பற்றி என்ன சொல்ல!

போன மாதம் அவள் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் குசினியில் வந்து நின்றாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அக்கா, ஒண்டு கேட்டால் உண்மையைச் சொல்லுவியளோ?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில், ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் கேட்டால் சொல்லிவிடுவேன், இன்றோடு முடியட்டும்...

"நீங்கள் என்னை மன்னிச்சிட்டியளோ?"

உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"ஓம்," என்றேன். "எப்பவோ மன்னிச்சிட்டன்."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இனிமேல்தான் தனக்கு நித்திரை வரும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் போன பிறகும் என் கைகள் ஈரமாக இருந்தன. துடைக்கத் தோன்றாமல் குசினியிலேயே நின்றேன்.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத் தரவேண்டியவள் ஒருத்திதான். அவளோ அதை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.