வெறுங்காலில் பாட்டுப் போட்டவர்

என் கணவர் முப்பத்தொரு வருடம் ஒரே கிளப்பில் டிஜேவாக இருந்தார். ஊரையே ஆட வைத்தவர், என்னோடு ஓர் அடிகூட ஆடியதில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட வந்தவனைப் பத்தே நிமிடத்தில் இறக்கிவிட்டுத் தானே ஏறிக்கொண்டார். "அவன் தாளத்தை வெட்டி வெட்டி ஒட்டுறான், காது கூசுது" என்றார். கல்யாணப் படங்களில் பாதியில் நான் தனியாகத்தான் நிற்கிறேன்.

"பாட்டு யார் வேணா போடலாம். இது முடிஞ்சா இன்னொண்ணு வரும்னு ஜனத்தை நம்ப வைக்கணும். அதான் வேலை" என்பார். இதைப் பல் தேய்த்துக்கொண்டே சொல்வார். கண்ணாடியெல்லாம் நுரை தெறிக்கும். தத்துவத்துக்கு வேறு நேரம் அவருக்கு வாய்க்கவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வயதில் இடது காது போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். மூன்று வருடமாகவே மங்கி வந்ததாம். நான் பேசுவதை இவர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று இருபது வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதில் கடைசி மூன்று வருடத்தைத் தள்ளுபடி செய்தேன். மீதி இன்னும் நிற்கிறது.

டிஜேவின் ஒரு காது ஹெட்ஃபோனில் அடுத்த பாட்டைக் கேட்கும். மற்றது கூடத்தில் ஓடுவதைக் கேட்கும். இரண்டையும் தாளம் பிசகாமல் ஒட்ட வேண்டும். ஒற்றைக் காதோடு இருப்பது முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே அந்த இடத்தில் வேறு ஆள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"நாள் முழுக்க வீட்லயே இருப்பேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

அன்றிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் நிற்கும் இடத்துக்குப் பலகைத் தளம். கூடத்தில் அதிர்வது பலகை வழியே உள்ளங்காலுக்கு ஏறும். நல்ல காது ஹெட்ஃபோனுக்கு, கால் கூடத்துக்கு. இதைப் பார்த்த ஒரு பத்திரிகைக்காரர், 'இசையின் முன் காலணி அணியாத துறவி' என்று எழுதிவிட்டார். அந்தத் துறவி வீட்டுக்கு வந்து கால் நீட்டிய படுக்கை விரிப்புகளை வெளுத்தவள் நான்.

கிளப்பில் அவருடைய இருபத்தைந்தாம் வருட விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். முதலாளி ஆசையாய் ஒரு கனத்த ரப்பர் விரிப்பு வாங்கி அவர் காலடியில் போட்டிருந்தார்.

"வெறுங்காலோட நிக்கறீங்கண்ணே, ஜில்லுனு இருக்கும்ல?"

"எதுக்குத் தம்பி இதெல்லாம்" என்றார் இவர். அவர் முகம் போன போக்கை நான் மட்டும் பார்த்தேன். ஏறி நின்றார். வேறென்ன செய்ய?

முதல் ஒரு மணி நேரம் எப்படியோ ஓட்டினார். பிறகு ஒரு பாட்டு முடிந்தது, அடுத்ததை ஓடவிட்டார். ஆனால் அதைக் கூடத்துக்குத் திறந்துவிடும் சின்னத் தள்ளுகட்டையை மேலே ஏற்ற மறந்துபோனார். வேறு நாளாயிருந்தால் கால் சொல்லியிருக்கும். பாட்டு அவருடைய ஹெட்ஃபோனுக்குள் மட்டும் ஓடியது. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இருநூறு பேர் தூக்கிய கால் தூக்கியபடி நின்றார்கள். இவரோ கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஒரு கையை உயரத் தூக்கிப் பரவசத்தில் இருந்தார். இத்தனை நாள் மறைத்தது இதோ அம்பலம் என்று நினைத்தேன். அப்போது யாரோ ஒருவன் கையைத் தூக்கினான். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு கூடம் முழுக்கக் கைகள்.

கண் திறந்தவர் என்னைத்தான் பார்த்தார். நான் மதுக் கவுன்டரின் மேல் விரலை வைத்து முன்னால் தள்ளிக் காட்டினேன். புரிந்துகொண்டார். தாளம் வந்து விழுந்தபோது ஜனம் போட்ட கூச்சலில் என் காதும் போயிருக்க வேண்டும்.

முதலாளி கண் கலங்க ஓடி வந்தார். "அண்ணே, என்ன டெக்னிக்ண்ணே இது!"

"எல்லாம் அனுபவம்தான்" என்றார் என் கணவர், கூசாமல்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டார். "எவ்ளோ நேரம்?"

"நாப்பது செகண்டு இருக்கும்."

"யாரும் போகலையா?"

"ஒருத்தர்கூட நகரல."



விரிப்பு அழுக்காகிவிடுமென்று சொல்லி மறுநாளே அதைச் சுருட்டி வைத்துவிட்டார். மௌனத்தை மட்டும் முதலாளி விடவில்லை. சனிக்கிழமைதோறும் நாற்பது செகண்டு, சுவரொட்டி அடித்து. அவர் போட்ட ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஜனத்துக்கு மிகவும் பிடித்தது, அவர் போட மறந்த அந்த ஒன்றுதான். வேலைக்கும் ஆறு வருடம் ஆபத்து வரவில்லை. போன மாதம் நெஞ்சுவலிதான் வந்தது.

இன்று பகலில் கிளப்பில் இரங்கல் கூட்டம். வெளிச்சம் போட்டுப் பார்த்தால் அது கறை படிந்த ஒரு கிடங்கு. வாசலிலேயே முதலாளி பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, அந்த டெக்னிக்கை யாருக்காவது சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல தம்பி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

பிறகு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். அரை நிமிடம் போயிருக்கும். மது ஊற்றுகிறவர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கறுப்பு உடையில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு, ஆளில்லாத அந்தப் பலகைத் தளத்தைப் பார்த்து நின்றார்கள். நாற்பது செகண்டு தாண்டியது. ஒரு நிமிடம் தாண்டியது. ஒரு கைகூட இறங்கவில்லை.

குனிந்து பார்த்தால், என் விரலும் முன் நாற்காலியின் முதுகில் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.