ராஜகுமாரின் நாற்பத்தாறாம் வயது

திங்கள்சந்தையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ராஜகுமார், யாராவது பிறந்த வருஷத்தைச் சொன்னால் உடனே மனதுக்குள் கணக்குப் போடுவார். நாற்பத்தாறைத் தாண்டிவிட்டாரா, இன்னும் இல்லையா என்பதுதான் கணக்கு.

அவருடைய அப்பா வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்து இறந்தபோது வயது நாற்பத்தாறு. மஸ்கட்டில் வேலை பார்த்த அண்ணன் பொன்னுலிங்கம் மாடிப்படி ஏறும்போது சரிந்தார். அவருக்கும் நாற்பத்தாறு.

ராஜகுமாரின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1980. அதனால் 2026 பிறந்ததுமே அவர் வேறு ஆளாகிவிட்டார். பைக்கைத் தொடவில்லை. சாப்பாடு குறைந்தது. மேல்தட்டிலிருந்து டின் எடுக்க ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கியது. மறைத்துப் பார்த்தார். மனைவி பிந்து கண்டுபிடித்துவிட்டாள்.

"நெய்யூரு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒருக்கா காட்டிட்டு வருவோம்."

"போனா நாளு குறிச்சுத் தந்துருவாங்க. வேண்டாம்."

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் தங்கை செல்லக்கனி தன் மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். பிந்து அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டாள்.

"ஏலே, எண்பதுல பொறந்தேன்னு உனக்கு ஆரு சொன்னா? எழுபத்தொம்பதுல இரணியலுக்கு மொத ரயிலு வந்தப்போ உன்ன இடுப்புல வச்சிட்டுத்தான நின்னேன். சத்தம் கேட்டு எனக்க கழுத்தப் புடிச்சிட்டு அழுத. அப்பமே ரெண்டு வயசு. சர்க்கார் வேல கிட்டட்டும்னு உனக்க அப்பன் உனக்கு மட்டும் வயசக் கொறச்சுக் குடுத்தான்."

அப்படியானால் 1977. அவருக்கு இப்போதே நாற்பத்தொன்பது.

"தாண்டிட்டேன் பிந்து! தாண்டினது தெரியாமலே கெடந்திருக்கேன்."

அன்று ராத்திரி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பைக்கைத் துடைத்து எடுத்தார். பிந்துவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"வயசு கூடிட்டு, சரி. மூச்சு வாங்குகது நின்னுச்சா?"

பயம் போயிருந்ததால் இந்த முறை அவர் மறுக்கவில்லை. நெய்யூரில் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், அப்பாவும் அண்ணனும் எப்படி இறந்தார்கள் என்று விவரமாகக் கேட்டார்.

"இதயச் சதை தடிச்சிருக்கு. இது வயசு பாத்து வர்ற நோய் இல்ல, குடும்பத்துல வர்றது. உங்களுக்கு மாத்திரை தர்றேன். சின்னப் பிள்ளைங்களையும் இது திடீர்னு விழவைக்கும். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரே மகள். நந்தனா. ரெண்டாயிரத்துப் பத்துல பொறந்தவ."

"விளையாடுவாளா?"

ராஜகுமார் பிந்துவைப் பார்த்தார். பிந்துதான் சொன்னாள். "ஓடுவா டாக்டர். எண்ணூறு மீட்டர். இன்னைக்குப் போட்டி."

"ஓட விடாதீங்க. உடனே போங்க."

ஆட்டோவிலிருந்து விளையாட்டு ஆசிரியருக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. நந்தனா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள்.

"மக்கா! நில்லு! ஓடாத!"

கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்கு வார்த்தை கேட்கவில்லை. அப்பா கை வீசுவது மட்டும் தெரிந்தது. உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தாள். சிரித்தாள். வேகத்தைக் கூட்டினாள்.

ராஜகுமார் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது அவள் கோட்டைத் தாண்டி, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றாள். நிமிர வெகுநேரம் ஆனது.

"ரெண்டாவது வந்துட்டேம்ப்பா. பாத்தியளா?"

அடுத்த வாரம் எடுத்த ஸ்கேனில் அவளுக்கும் அதே தடிப்பு இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இனி ஓடவே கூடாது என்றார்கள்.

நேற்று காலை அவளைப் பேருந்து ஏற்றிவிடப் போனார். அவர்கள் நிறுத்தத்தை எட்டுமுன்பே பேருந்து வந்து நின்றது. "ஏட்டி, வா!" என்று கூட்டுக்காரிகள் ஓடினார்கள். நந்தனாவும் காலை எட்டி வைத்தாள். சட்டென்று நின்று அப்பாவைப் பார்த்தாள். பேருந்து கிளம்பிப் போய்விட்டது.

"நடந்தே போலாம்ப்பா."

அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மெதுவாக நடந்தார்கள். அவள் பேச்சு நின்றபோதெல்லாம் ராஜகுமார் திரும்பிப் பார்த்தார்.