குணவதியின் நாவலில் இளவரசன் கிடையாது

ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது குணவதியின் மகள் செல்போனில் அழைத்தாள். “பெரியப்பா, அம்மா போயிட்டாங்க” என்றாள். இலையை மூடிவிட்டு ஆரணி பஸ் பிடித்தேன். சாவு வீட்டு வாசலில் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: “இந்த மனுஷன் பேச்சைக் கேட்காம இருந்திருந்தா அந்தம்மா புக்கு எப்பவோ வந்திருக்கும்.” அவர் நம் வாசகர் வட்டத்துக்காரர்தான். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஆரணியில் என் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்த நெசவாளி ஏழுமலை, மடித்த தாள்களை நீட்டினார். “எங்க ஊட்ல எழுதினதுங்க. நல்லா இல்லேன்னா என்கிட்ட சொல்லாதீங்க. நேரா அதுகிட்டயே சொல்லிடுங்க. நடுவுல நான் மாட்டிக்க முடியாது.” அஞ்சாம் வகுப்போடு நின்று, கிடைத்ததையெல்லாம் படித்தே தேறியவன் நான். சுலபத்தில் எதையும் பாராட்ட மாட்டேன். அந்தத் தாள்களை நின்றபடியே படித்து முடித்தேன். உள்ளே பிறந்தவர் எவரும் வெளியேற முடியாத மந்திரக் கோட்டை. அதில் ராட்சசக் கொக்கின் மேலேறிப் போரிடும் பதினாறு வயது இளவரசி, கொற்றி.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். குணவதி எழுந்து வரவில்லை. எழுந்திருக்கவும் முடியாது. கரையையும் உடலையும் தனித்தனி இழையால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். சேலையின் உடலுக்கு, குறுக்கு இழை ஓடும் நாடாவைக் கணவர் எறிவார். பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து ஒரு கரைக்கு மனைவி எறிவார். ஒருவர் எழுந்தால் தறியே நின்றுவிடும். தலை நிமிராமலே, “உக்காருங்கண்ணா” என்றார். கொற்றியின் கோட்டையைப் பற்றி நான் கேட்கக் கேட்க, நாடா எறிந்துகொண்டே பதில் சொன்னார். “ராணியம்மா பேட்டி குடுக்குது. குதிரை நான்தான் இங்க ஓடிகினு கிடக்குறேன்” என்றார் ஏழுமலை. “குதிரை வாயைத் தொறந்தா இழை அறுந்துடும்” என்றார் குணவதி.

எப்போது எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். பாவு நூல் ஈரம் பிடித்து வேலை நிற்கும். அந்த நாட்கள்தான் அவருடையவை. தெருவே மழை விடட்டும் என்று வேண்டிக்கொள்ளும்போது அவர் மட்டும் வேண்டியதில்லை. நாவல் முடிய பல மழைக்காலங்கள் ஆயின.

முடித்ததும் மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். பதிப்பாளர் நல்லவர்தான். படித்து வைத்திருந்தார். ரசித்தும் பேசினார். “கடைசி வரைக்கும் கதவு திறக்கவே இல்லையேம்மா. சின்னப் பிள்ளைங்க படிக்கிறது. வெளியிலிருந்து ஒரு இளவரசன் வந்து திறக்கட்டும். உடனே அச்சுக்குக் கொடுத்துடலாம்” என்றார். “வெளியிலேர்ந்து அவன் தொறந்தா, அப்புறம் அது அவன் கோட்டைங்க” என்றார் குணவதி. சரியான பேச்சு என்றேன் நான். இன்றும் அதையேதான் சொல்வேன்.

திரும்பும் பஸ்ஸில் ஏழுமலை விடவில்லை. “ஒரு இளவரசன். ஒரு பக்கத்துக்கு வந்துட்டுப் போறான். உனக்கு என்ன பேஜாரு?” குணவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வருடங்களில் ஏழுமலைக்குத் தோள் விழுந்து, நாடா எறிய முடியாமல் போனது. தறியைப் பிரித்தார்கள். இனி உட்கார்ந்து எழுதலாம் என்று நான் நினைத்தது தப்பு. பக்கத்து வீட்டுத் தறியில் கரைக்கு ஆள் வேண்டியிருந்தது. அங்கே போய் உட்கார்ந்தார். அந்த வருடம்தான், “அந்த இளவரசனைப் போட்டுடலாமாண்ணா?” என்று கேட்டார். நான் தடுத்தேன் என்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். “உங்களால் எழுத முடிந்தால் எழுதுங்கள்” என்றேன். எழுதிப் பார்த்தார். அந்த மழை ஓய்ந்ததும் சொன்னார்: “கதவு வரைக்கும் வந்துட்டாண்ணா. தொடமாட்டேங்குறான். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, யாராவது உள்ள கூப்புடுவாங்களான்னு பார்த்துகினு நிக்குறான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தத் தாள்களை அடுப்பில் போட்டுவிட்டதாகவும் அதே சிரிப்போடு சொன்னார். அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

கருமாதியன்று, சாவு வீட்டு வாசலில் பேசிய அதே நண்பர் சென்னையிலிருந்து செய்தி கொண்டுவந்தார். பதிப்பாளர் இப்போதும் தயார். இளவரசன் வரும் அத்தியாயத்தை வேறு யாராவது எழுதிச் சேர்த்தால் போதும். “அந்தம்மாவுக்கு நாம செய்யற மரியாதை” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏழுமலையைப் பார்த்தேன். முடிவு அவருடையது. கதை மாறினால் போதும் என்று பஸ் முழுக்க வாதாடியவரும் அவர்தான்.

“அது கூப்பிட்டே வராதவனை” என்றார் ஏழுமலை, “நீங்க எங்கேர்ந்துங்க இட்டுகினு வருவீங்க? வாணாம், உடுங்க.”

புத்தகம் வராது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாற்றாமல் அச்சிட ஒருவர் வந்தால் பிரதி என் கடையில் இருக்கிறது. அதுவரை குணவதியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதன் கடைசி வரிகள்: “கதவு திறக்கவில்லை. கொக்கு பசியோடு அவளைப் பார்த்தது. கொற்றி இறங்கி, அதற்கு மீன் தேடப் போனாள்.”