பொத்தான் உன்னைத் தேடுது

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் வந்தால் கூடவே ஒரு நாயும் வரும் என்பது அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளையாய், சடை சடையாய், ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடுகிற நாய். மூக்கு மட்டும் கறுப்பாய் உருண்டையாய் இருந்ததால் அவர் மனைவி அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தாள். மொட்டைமாடி மோட்டார் அறையில் அவர் வேலை பார்க்கும்போது அது கருவிப் பையின் மேல் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்பேனர் எடுக்க வேண்டுமானால் முதலில் நாயை எடுக்க வேண்டும்.

அவரோடு வேலை பார்ப்பவன் மனைவியின் தம்பி. அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா போறப்ப உங்களுக்கு ஒரு காவல் போட்டுட்டுத்தான் போயிருக்கா மாமா. பாத்ரூமுக்குக்கூட பின்னாடியே வருதாமே?"

"கதவைச் சாத்தினா அழுவுதுடா."

"சாத்திப் பாத்தீங்களா?"

அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மனைவி வெளிநாட்டில், படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். மகளின் படிப்புக்காகப் போனவள். மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று அந்த வீட்டார் கேட்டிருந்தார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவள் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார் இவர். சொல்லிவிட்டு அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

வா என்று சொல்ல அவருக்கு வராது. தினமும் சாயங்காலம் அவள் வீடியோவில் அழைப்பாள். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்றெல்லாம் ஆனபிறகு, "பொத்தான் உன்னைத் தேடுது" என்பார். முன்பு, மனைவி தாய்வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டால், "அம்மா உன்னைத் தேடுறாங்க" என்று சொல்லி அனுப்புவார். மாமியாருக்கும் மருமகளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் அடுப்பை அணைக்க அவர் எழுந்துபோன கொஞ்ச நேரத்துக்குள் நாய் ஊளையிட்டதை அவள் திரையில் பார்த்துவிட்டாள்.

"என்னை நினைச்சே ஏங்கிப் போச்சுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

அவர் மறுநாளே கிளம்பினார். எஜமானி வந்தால்தான் இது தேறும் என்று படித்த ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அதை அப்படியே அவளிடம் ஒப்பித்துவிடலாம்.

கால்நடை டாக்டரம்மா காது, பல், வயிறு, முட்டி எல்லாம் அழுத்திப் பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எப்ப ஆரம்பிச்சுது இது?"

"வீட்டுக்காரம்மா போனதுலேர்ந்து."

"போன அன்னிக்கேவா?"

லிஃப்ட் எந்த மாடியில் நின்றது, அதற்கு முன் என்ன சத்தம் வந்தது என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்கிற மனிதர் அவர். மழுப்ப முடியவில்லை. அவள் போனபோது நாய் சில நாள் வாசலில் படுத்தது. பிறகு தின்றது, விளையாடியது, தன் மூலையில் தூங்கியது. போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் கிடந்தபோதுதான் அதை எடுத்து நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டார். காய்ச்சல் விட்டது. நாயை இறக்கவில்லை.

"மடியில வெச்சுக்கறதுக்குன்னே வளர்த்த இனம். ஒட்டிக்கிட்டுத் திரியறது குத்தமில்ல. ஆனா தனியா இருக்கப் பழகலன்னா, நீங்க செருப்பை மாட்டினாலே அதுக்கு உசிரு போயிடும். அழுதா என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிக்குவேன்."

"அழலன்னா?"

"அழறதுக்கு முன்னாடியே தூக்கிக்குவேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்ப வைத்தியம் ரெண்டு பேருக்கும்தான் சார்."

வைத்தியம் பார்ப்பதற்குக் கோமாளித்தனமாக இருந்தது. சாவியை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் உட்கார வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு காய் நறுக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, அது அழத் தொடங்குமுன் திரும்பி வர வேண்டும். வந்ததும் கொஞ்சக் கூடாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதற்கென்று ஏற்ற இறக்கமில்லாத ஒரு குரல் அவரிடம் உண்டு. "இங்கதான் இருக்கேன், பதறாதீங்க." கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதே குரலில் நாய்க்கும் சொல்லிப் பார்த்தார். அதுவும் கூடாது என்றார் டாக்டரம்மா.

வேலைக்கு அவர் தனியாகப் போக ஆரம்பித்தார். முதலில் அரை நாள். மைத்துனன் நாயைத் தேடினான். பையைத் திறந்துகூடப் பார்த்தான். பிறகு முழு நாள். ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தபோது பொத்தான் தன் பாயில் படுத்தபடியே வாலை இரண்டு தட்டு தட்டியது. எழுந்து வரவில்லை. கொஞ்சம் பொறுத்து வந்து காலை முகர்ந்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் செருப்பைக் கழற்ற மறந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என்ன வைத்துக்கொள்வது என்று கைகளுக்குத் தெரியவில்லை.

அழைப்பு வந்தது. மனைவி மூலையில் தூங்கும் நாயைப் பார்த்தாள்.

"அட, தேறிடுச்சே. இப்பதான் எனக்கு நிம்மதி. அதை நினைச்சுத்தான் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே இருந்தேன். அப்ப இவங்ககிட்ட சரின்னு சொல்லிடட்டுமா?"

"நம்ம பொண்ணு..."

"அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா. காலையிலகூடப் பேசினா."

"உன் தம்பி..."

"அவனுக்கென்ன?"

அவனுக்கும் ஒன்றுமில்லை. முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ள இனி ஆள் மிச்சமில்லை.

"எனக்கு முடியல" என்றார்.

"ஐயோ, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ இல்லாம முடியல. வந்துடு."

படம் உறைந்துவிட்டதோ என்று அவர் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"தட்டாதீங்க, இருக்கேன்" என்றாள். "உடனே கிளம்ப முடியாதுங்க. வேற ஆள் வந்து பழகணும். இந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குறாங்க. நாலஞ்சு மாசம் ஆகும்."

"ஆகட்டும்."

உள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வெச்சுடாதீங்க, வர்றேன்" என்று போனை மேசையில் மல்லாத்திவிட்டுப் போனாள். திரையில் அந்த வீட்டுக் கூரையும் அணைந்த ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன. தள்ளி எங்கோ, அவருக்குப் புரியாத மொழியில், அவள் அந்த அம்மாளிடம் தணிவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.