முப்பது புள்ளிக்கு ஒரு கட்டில்

அண்டா கொதித்ததும் யிம் மிஸ் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துப் பார்ப்பார். உலர்ந்த இனிப்பு லோஹான் பழம் இருபது, சாமந்திப்பூ ஒரு பிடி, கல்கண்டு கண் அளவு. கட்டிய தொண்டைக்கு இதைவிட நல்ல கஷாயம் கிடையாது. காலை ஆறரைக்கு யாருக்கும் தொண்டை கட்டியிருக்காது, உண்மைதான். ஒன்பது மணிக்கு இருநூற்று நாற்பது புதுப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, கல்லூரி முழக்கத்தைக் கத்த வைத்து, தொண்டையைக் கட்ட வைப்பவரும் அவரேதான். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சம்பளம். கல்லூரி நிர்வாகம் சிக்கனமானது.

'மாணவர் ஈடுபாடு மற்றும் புதுமுக வரவேற்புப் பொறுப்பாளர்' என்பது அவருடைய பதவி. கதவில் ஒட்டிய பலகையில் அது மூன்று வரி பிடிக்கிறது. ஈடுபாடு மனசு சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்த அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே அதற்கு அட்டவணை இருக்கிறது. டிராகன் படகு வலித்தால் ஐந்து புள்ளி. அங்கி மாட்டிக்கொண்டு விருந்தில் உட்கார்ந்தால் மூன்று. கூடைப்பந்து வேடிக்கை பார்த்தால் ஒன்று. பார்க்கும்போது போனை நோண்டினால் அரை. வருஷத்துக்கு முப்பது புள்ளி சேர்ந்தால் அடுத்த வருஷமும் விடுதியில் கட்டில் உண்டு. சேராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் கையை நீட்டினால் தம்பியின் மூக்கில் இடிக்கிற ஹாங்காங்கில், தனிக் கட்டில் சின்ன விஷயமில்லை. ஆகவே பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஈடுபடுகிறார்கள். நீச்சல் தெரியாதவன் படகில் ஏறுகிறான். குரலே இல்லாதவள் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறாள். ஆண்டறிக்கையில் துணைவேந்தர் 'இளைஞர்களின் துடிப்பு' என்று எழுதுகிறார்.

யிம் மிஸ்ஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். கழுத்தில் ஒலிபெருக்கி தொங்கும். பதினேழு வருஷமாகப் பிள்ளைகளை எல்லாவற்றிலும் ஈடுபட வைத்தவர், தாம் மட்டும் எதிலும் சேர்ந்ததில்லை. ஆண்டு விழாப் படங்களில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். மதியம் பழைய பதாகைகள் அடுக்கிய சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெண்ணெய் வைத்த அன்னாசி பன்னைத் தனியாகச் சாப்பிடுவார். "கூட்டம்னாலே எனக்கு ஆகாது" என்று ஒருமுறை சமையற்காரரிடம் சொன்னாராம். பிள்ளைகளிடம் சொல்வது வேறு. "அழுறதுக்குப் புள்ளி கிடையாது. மூக்கத் தொடச்சிட்டு வரிசையில நில்லு."

வரவேற்பு நாலு நாள். பன்னிரண்டு புதுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு அம்மா, ஒரு குழு அப்பா. இருவரும் மூத்த மாணவர்கள். இருபது வயதில் பன்னிரண்டு பிள்ளை பெற்ற இந்த மகராசிகளை, இரண்டே வயது இளைய பிள்ளைகள் கூச்சமில்லாமல் "அம்மா, பசிக்குது" என்று கூப்பிடுவார்கள். பெற்ற தாயிடம் அவ்வளவு பேச்சு இருக்காது.

இந்த வருஷம் ஏழாம் குழுவின் அம்மா, சின் ஹோய்-லாம். பேசினால் பக்கத்தில் இருப்பவர்கூடக் குனிந்துதான் கேட்க வேண்டும். ஜூலையில் அவள் யிம் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பதினோரு புள்ளி" என்றார் மிஸ், அட்டவணையைப் பார்த்து. "வருஷம் பூரா என்ன பண்ணின?"

"படிச்சேன், மிஸ்."

"அது உன் சொந்த விஷயம். அதுக்கெல்லாம் புள்ளி கிடையாது."

"துன் முன்ல வீடு மிஸ். ஒரே ரூம், நாலு பேரு. அப்பா நைட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குவாரு. லைட்டுகூடப் போட முடியாது. கட்டில் போச்சுன்னா நான் படிச்ச மாதிரிதான்."

மிஸ் அட்டவணையில் விரலை ஓட்டினார். "குழு அம்மாவா இரு. இருபது புள்ளி. ஆனா கடைசி நாள் முழக்கத்துல பன்னண்டு பேரும் வரிசையில நிக்கணும். ஒரு தலை கொறஞ்சாலும் சைபர்."

அந்த விதியை எழுதியவரும் அவர்தான். குழு அம்மாக்கள் பிள்ளைகளை நடுவழியில் தொலைத்துவிட்டு வரக் கூடாது என்பதற்காக எழுதினார். நல்ல விதி. எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதை மீறியதில்லை.

ஆமாம், மிஸ்தான் மீறுவார். வருஷா வருஷம் முதல் நாளிலேயே, கூச்சலைத் தாங்க முடியாத ஒன்றிரண்டு பிள்ளைகளைச் சமையற்கட்டின் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பெயர்ப்பட்டியலிலும் அந்த இடத்தில், தாமதமாகச் சேர்ந்த யாரையாவது சத்தமில்லாமல் போட்டுவிடுவார். காதும் காதும் வைத்ததுபோல முடிந்துவிடும். இந்த வருஷம் நாலாம் நாள் காலையில், அண்டாவை இறக்கிய கையோடு, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாவ் வாய்-லோக் என்ற பையன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"தூங்கினியா?"

பையன் தலையாட்டினான், இல்லை என்று.

"எத்தன நாளா?"

மூன்று விரலைக் காட்டினான்.

மிஸ்ஸே போய் அவனைப் பச்சை மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டார். "போய்த் தூங்கு. திங்கக்கிழமை கிளாசுக்கு வா, போதும். நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. வெளிய தெரிஞ்சா என் பேரு கெட்டுப்போயிடும்."

எந்தக் குழு என்று கேட்கத் தோன்றவில்லை; பட்டியலில் ஆளை மாற்றவும் நேரமில்லை.

ஒன்பது மணி. மைதானம் கொதித்தது. மாணவர் சங்கத் தலைவன் யுங் சாக்-மான் அட்டையும் பேனாவுமாக வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தான். இருபத்தொரு வயதுதான். ஆனால் நடையில் அறுபது வயது ஆணையர் இருந்தார்.

"ஏழாம் குழு, பதினொண்ணு."

ஹோய்-லாமுக்கு மூன்று நாள் கத்தியதில் இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் போய்விட்டிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. "வாய்-லோக்கக் காணோம், மிஸ். ரூம்ல பையும் இல்ல. நான் நல்லாதான் பார்த்துக்கிட்டேன். நேத்துக்கூடச் சாப்பிட வச்சேன்."

"ஓடிட்டான் மிஸ், கோழை" என்றான் சாக்-மான். "வரட்டும், நாலு வருஷத்துக்கு அந்தப் பேர்லயே கூப்பிடுறோம். ஏழாம் குழுவுக்கு சைபர் போட்டுடவா?"

"இரு."

"என்ன மிஸ் இரு? ரூல்னா ரூல். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். யிம் மிஸ்ஸுக்கு அவமானமாக இருந்தது. நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் பையனுக்குக் கொடுத்த வாக்கு போகும், கோழைப் பட்டமும் அவன் நெற்றியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் இன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு துன் முன் பஸ் ஏற வேண்டும். ஹோய்-லாம் அழவில்லை. அழுகைக்குப் புள்ளி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"விதியில என்ன போட்டிருக்கு, சேர்மன் ஐயா? படிங்க."

"பன்னண்டு பேர், மிஸ்."

"எந்தப் பன்னண்டு பேர்?"

சாக்-மான் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "முதல் தடவையா முழக்கத்துல நிக்கிறவங்கன்னு இருக்கு."

"நான் எப்பவாவது நின்னு பார்த்திருக்கியா?"

அவன் பேனாவை மூடினான். மிஸ் ஒலிபெருக்கியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, ஏழாம் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முகம் வெளுத்திருந்தது. முழக்கத்துக்கு எல்லோரும் தோளோடு தோள் கோத்து நிற்க வேண்டும். பக்கத்தில் ஆறடிப் பையன். எம்பிப் பார்த்தார், தோள் எட்டவில்லை.

அவன் பனியனின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கத்துவதற்கு வாயைத் திறந்தார்.