ஐம்பது வாட் அண்ணன்

போன வாரம் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் ஒரு பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜெர்மனில்தான் தொடங்கினேன். இரண்டு வரிக்குள் தமிழுக்கு வந்துவிட்டேன். திட்டுவதற்குத் தாய்மொழி மாதிரி வராது!

பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபயர். லொறிச் சாரதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களே, அந்த சி.பி. ரேடியோவில் பூட்டுவது. ரேடியோவின் நாலு வாட் சக்திக்குக் குரல் கொஞ்சத் தூரம்தான் போகும். இதைப் பூட்டினால் ஐம்பது வாட். இந்த நாட்டில் அப்படிப் பூட்டுவது சட்டப்படி கூடாது... அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துமா வாங்கினாய் என்று கேட்கிறீர்களா?

வாங்கினேன். என் தம்பி நேசனுக்காக.

நேசன் லொறி ஓட்டுகிறான். அவன் வீடு ஸ்டுட்கார்ட்டில். நான் இருப்பது ஹம்பேர்க்குக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில். கூடப் பிறந்தவர்கள் என்று ஜெர்மனியில் இருப்பது நாங்கள் இருவர்தான். மூன்று வருடமாக ஒவ்வொரு புதனும் நான்கு மணிக்கு அவன் எங்கள் ஊரை ஒட்டிய ஏ-7 நெடுஞ்சாலையில் போவான். இறங்கி ஒரு தேநீர் குடிக்க நேரமிருக்காது — சரக்கு இறக்குவதற்கு டெர்மின், அதாவது குறித்த நேரம், வைத்திருப்பார்கள். போகிற போக்கில் ரேடியோவில் கதைப்போம். பதினைந்து நிமிடம்.

போன் இல்லையா? இருக்கிறது. போனில் அவன் “எல்லாம் ஓகே அண்ணை” என்பான். வைத்துவிடுவான். ரேடியோ அப்படியல்ல. ஒருவர் பட்டனை அமுக்கிப் பேசும்போது மற்றவர் வாயைத் திறந்து பயனில்லை. அண்ணன்மார் குறுக்கே அறிவுரை சொல்ல முடியாத இடத்தில்தான் தம்பிமார் மனம் திறக்கிறார்கள் போலும். மனைவி பிரிந்து போனதை அவன் சொன்னது அதில்தான். மகளை மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் பார்க்க முடிகிறது என்று சொன்னதும் அதில்தான். ரோட்டில் போகிற அத்தனை லொறிக்கும் கேட்டிருக்கும். கேட்டால் என்ன... தமிழ்தானே!

செப்டெம்பரில் கொம்பனி அவனுடைய பாதையை மாற்றியது. இப்போது ஏ-1. எங்களிடமிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர். அடுத்த புதன் வந்தது, நான்கு மணி வந்தது, ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இவ்வளவு ஏங்குவேன் என்று நானே நினைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பழைய சாமான் சந்தையில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. விடுவேனா?

ஆனால் பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது. பட்டனை அமுக்கினால் மீட்டர் ஊசி ஒருமுறை ஐம்பதைக் காட்டும். அடுத்த முறை பன்னிரண்டு. பிறகு முப்பது. மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தேன் — வந்தது. அன்டெனாவைச் சோதித்தேன் — பிழையில்லை. சூடு ஏறுகிறதோ என்று மேசை விசிறியை வைத்தேன். ஊசிக்குக் குளிரவும் இல்லை, நடுக்கம் நிற்கவும் இல்லை.

அன்றைய நான்கு மணிக்குக் கூப்பிடுவதாக அவனிடம் சொல்லியிருந்தேன். மணி நான்கைத் தாண்டிவிட்டது. கடைசியில், ரேடியோ வயர் வந்து பொருந்தும் பின்பக்கச் சோக்கட்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

என் மனைவி வதனி எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அது நான் வைச்ச சந்தனமெல்லே.”

எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் முதலில் சுவாமிப் படத்துக்கு முன்னால் போகும். சந்தனம் வைத்த பிறகுதான் வேலைக்கு வரும். காருக்கும் அதே, தையல் மெஷினுக்கும் அதே.

“முன்னுக்கு வைச்சிருக்கலாமே?”

“முன்னுக்கு முழுக்க சுவிச். பின்னுக்குத்தான் பொட்டு வைக்கிற அளவில வட்டமா ஒரு இடம் இருந்தது.”

அவளில் என்ன பிழை? பல்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் சுரண்டித் துடைத்தேன். பூட்டி அமுக்கினேன். ஐம்பது. மறுபடி ஐம்பது. ஊசி அசையவில்லை!

“நேசன்... நேசன்... கேட்குதோ?”

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு என்றேன். வக்கீலை மாற்று என்றேன். மகளின் பாடசாலைக்குப் போய் ஆசிரியரைப் பார் என்றேன். இரைச்சல்தான் பதில்.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

“அண்ணை, நீங்கள் கதைச்சது அவ்வளவும் கண்ணாடி மாதிரிக் கேட்டது. நானும் கத்திக் கத்திச் சொன்னன். உங்களுக்குக் கேட்கேல்லையோ?”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டி கூட்டுவது நான் பேசுவதை மட்டும்தான். அவனிடம் இருப்பது அதே நாலு வாட். அது என்னிடம் எப்படி வந்து சேரும்? என் பக்கத்தில் ஐநூறு வாட் வைத்தாலும் அவன் குரல் ஒரு துளி கூட உயராது. வீடுகளிலும் இதே கதைதானே — குரலை உயர்த்தினால் எதிரில் இருப்பவர் சொல்வதும் நமக்குக் கேட்டுவிடும் என்று நினைக்கிறோம்.

“என்னடா சொன்னனி?”

“ஒண்டுமில்லை. எல்லாம் ஓகே அண்ணை.”

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைவில்லை. ரேடியோவில் கத்திக் கத்திச் சொன்னதை ஏன் போனில் சொல்ல முடியவில்லை?

நேற்றுப் புதன்கிழமை. பெட்டியைக் கழற்றி நிலவறையில் வைத்துவிட்டு, ரேடியோவைக் காரில் பூட்டிக்கொண்டு போனேன். ஏ-1க்கு மேலே கிராமத்துத் தெரு ஒன்று பாலமாகக் கடக்கிறது. பாலத்தின் மேல் ஓரமாகக் காரை நிறுத்தினேன். மழை தூறியது. நாலு வாட்.

“நேசன், கேட்குதோ?”

“அண்ணை! என்ன இவ்வளவு கிட்டக் கேட்குது? எங்க நிக்கிறியள்?”

“உன்ர ரோட்டுப் பாலத்துக்கு மேல. போன கிழமை சொன்னதை இப்பச் சொல்லு.”

சொன்னான். மகளைக் கூட்டிக்கொண்டு தாய் ஹொலண்டுக்குக் குடிபோகப் போகிறாள். இனி அந்த இரண்டு சனிக்கிழமையும் இல்லை. சொல்லிக்கொண்டே பாலத்துக்குக் கீழால் போனான். ஹோர்ன் அடித்தான். சிவப்பு விளக்குகள் மழைக்குள் தூரமாகின. அவன் பேச்சை நிறுத்தவில்லை. அழுதான், பேசினான், மறுபடி அழுதான். என்னிடம் ஆயிரம் அறிவுரை இருந்தது. பட்டனை நான் தொடவில்லை.

குரல் இரைச்சலில் கரையும் நேரத்தில் கேட்டான், “அண்ணை, இருக்கிறியளோ?”

“ஓம்” என்றேன்.

வேறென்ன சொல்ல இருக்கிறது?